சிதறிய பேச்சும் சித்தத்தின் உரிமையும்

"சாப்பிட்டாயா, தம்பி?" என்று தாய் கேட்க, "சோறு வெள்ளை, வெள்ளைக்காரன் போய்விட்டான், போனவன் கதவைச் சாத்தவில்லை, கதவு தேக்கு" என்று மகன் விடை சொல்கிறான். எண்ணங்களைக் கோக்கும் சரடு அறுந்து, ஒலியும் பொருட்சாயலும் இழுத்த பக்கமெல்லாம் சொல் ஓடுகிற இந்நிலையை, ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் வழங்கிய ஸ்விட்சர்லாந்து வைத்தியர் ஆய்கன் பிளாய்லர், அந்நோயின் மூலலட்சணங்களுள் ஒன்றாகவே கருதினார். ஆனால் பேச்சு சில மணி நேரத்துக்குள் திடீரென்று குழறுமானால், அது பக்கவாதமாகவோ கடுங்காய்ச்சலின் விளைவாகவோ இருக்கக்கூடும். அப்போது தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஸ்கிசோஃப்ரினியாவில் பலருக்குத் தம் எண்ணத்தைத் தாமே விலகி நின்று நோக்கும் ஆற்றலும் குன்றுகிறது. "எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை வேண்டாம்" என்னும் மறுப்பை வீட்டார் பிடிவாதமென்று எண்ணி மனம் கசந்துபோகிறார்கள். அதுவும் வியாதியின் கூறே. ஆயினும் அந்த ஆற்றல் முற்றும் அழிவதில்லை. நாளுக்கு நாள், விஷயத்துக்கு விஷயம் அது ஏறி இறங்குகிறது. இதை அறியாமல், பேச்சு குலைந்தவனுக்கு அபிப்பிராயமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுவதே பெரும் அபாயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்ட கொடுமைக்குப் பின்னால் இருந்ததும் அம்முடிவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2017-ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்வதோடு, சிகிச்சை குறித்த தீர்மானத்தை நோயாளி பேச்சால் மட்டுமன்றி முகபாவத்தாலும் சைகையாலும் தெரிவிக்கலாம் என்றும், அத்தீர்மானம் பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவர் தகுதியற்றவராகிவிடமாட்டார் என்றும் விதிக்கிறது. தெளிந்திருக்கும் காலத்திலேயே, தமக்கு வேண்டிய சிகிச்சையையும் வேண்டாததையும் எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் அவருக்கு உரிமையுண்டு.

மருந்து பேச்சைப் பெருமளவு சீராக்கும்; தம் அனுபவத்தைத் தாமே ஆராயப் பழக்கும் உரையாடல் சிகிச்சைகளும் உள்ளன. வீட்டிலோ, ஒரே சமயத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, விடைக்குக் காத்திருந்து, "கதவைப் பற்றிச் சொன்னாயே, பயமாயிருக்கிறதா?" என்று அவர் சொல்லையே பற்றிக் கேட்பது நலம்; மனம் கலங்கும் விஷயங்களில் பேச்சு இன்னும் சிதறுமாதலால், வாக்குவாதம் ஆகாது. ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் கிடைக்கிறது; உரிமை மறுக்கப்படின் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம், அதற்கு வேண்டிய சட்ட உதவியும் இலவசமே.