பிள்ளைக்குச் சிங்களம்: சந்தையிலிருந்து தொடங்குவோம்

என் மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சலோடு வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினேன். வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். ஏதோ எண்ணிக்கை கேட்கிறார் என்பது மட்டுமே விளங்கியது. மூன்று விரலைக் காட்டினேன். மூன்று நாளாக என்று அவர் எழுதிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் தாயோடு இருந்த ஒன்பது வயதுச் சிறுமிதான், "மூன்று நாளில்லை, மூன்று தரம்" என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உதவியது அந்தப் பிள்ளையின் வாய்.

கற்பிட்டி, உடப்பு, முந்தல் பக்கத்துத் தாய்மார் பலர், "பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பாடப்புத்தகத்துக்கு முன்பே நம் சந்தை இருக்கிறது சகோதரிகளே! கருவாட்டைச் சிங்களத்தில் 'கரவல' என்பார்கள். சாளை அங்கே 'சாலயா', பாரை 'பராவ்'. மேசையும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் இரு மொழிக்கும் விட்டுப்போனவை. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கினால் பயம் போய்விடும். பிறகு இறாலுக்கு 'இஸ்ஸோ', நண்டுக்கு 'கக்குளுவோ' என்று புதியவற்றைச் சேர்க்கலாம்.

பேச்சுச் சிங்களத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நாம் போகிறேன், போகிறாய், போகிறான் என்று மாற்றிச் சொல்வோம். அவர்களோ 'மம யனவா', 'ஒயா யனவா', 'எயா யனவா' என்பார்கள். வினை மாறவே மாறாது. எழுத்துச் சிங்களம் அப்படியல்ல. ஆகவே சின்னப் பிள்ளைக்குப் பேச்சு முதலில், எழுத்து பிறகு.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்கிறேன். சிங்களச் சொற்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். சோற்றுக்கு 'பத்' என்று எழுதினால் பிள்ளை அதை 'பந்து' மாதிரியே வாசிக்கும். அந்த ஒலி உண்மையில் 'அம்பு' என்பதில் வரும் ஒலி. காதால் கேட்கட்டும். தொலைக்காட்சியை மட்டும் போட்டுவிட்டால் போதாது, பதில் சொல்லும் ஆள் வேண்டும். அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு மாலையில் அரை மணித்தியாலம் விளையாட விடுங்கள். சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வற்புறுத்த வேண்டாம். பிறகு இரண்டையும் கலந்து ஒரே வசனமாகப் பேசும். அது குழப்பமல்ல, வளர்ச்சிதான். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தாது. ஆனால் இரண்டு வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

சிலர் இன்னொரு பக்கம் போய்விடுகிறார்கள். பிள்ளை முன்னேறட்டும் என்று வீட்டுக்குள்ளும் தமிழை நிறுத்திவிடுவார்கள். சிலாபக் கரையோரத்தில், பாட்டன் பாட்டி தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழி மாறியதோடு ஓரிரு தலைமுறையில் சிங்களத்துக்கு மாறிவிட்டன. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரைப் பாருங்கள். அவர்களுடைய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்று பெரும்பாலும் மஞ்சாப் பாடல்களில்தான் மிஞ்சியிருக்கிறது. பாட்டுத் தெரிகிறது, பேசத் தெரியவில்லை. ஆகவே வீட்டில் கதையும் தாலாட்டும் கோபமும் தமிழிலேயே இருக்கட்டும்.

நமக்கே சிங்களம் சரியாக வராதே என்று வெட்கப்படாதீர்கள். பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். என் மகன் இப்போது என்னைத் திருத்துகிறான். நேற்று மீன்காரரிடம் நான் விலை கேட்டதும், அவர் சிரிக்க முன்பே இவன் சிரித்துவிட்டான்.