மின்பொறியியல் பேராசிரியர் பணி: யாருக்குத் தகுதி, எப்படித் தேர்வு?

பி.இ. முடித்ததும் பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்புவதா என்று மட்டுமே நம் குடும்பங்கள் பல யோசிக்கின்றன. மின்பொறியியல் படித்தவர்களுக்குக் கல்லூரி ஆசிரியர் பணியும் ஒரு நல்ல வழி.

ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும். அவற்றுள் ஒன்றிலாவது முதல் வகுப்பு அவசியம். நெட் தேர்வு கட்டாயமில்லை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் பல தனியார் கல்லூரிகளில் இது கிடைப்பதில்லை. பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கு முதல் வகுப்பில் தேறிய பி.இ. போதும். இணைப் பேராசிரியராக முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், ஆய்வுக் கட்டுரைகள் தேவை. ஐ.ஐ.டி.களிலோ முனைவர் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

இங்கே பலர் சறுக்குவது எம்.இ. பாடத்தேர்வில்தான். பட்டம் பணியிடத்தின் துறைக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். மின்பொறியியல் படித்துவிட்டு எம்.இ.யில் கம்ப்யூட்டருக்கு மாறினால், இரு துறையிலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. மின்சக்தி அமைப்புகள், பவர் எலக்ட்ரானிக்ஸ் போன்றவை பாதுகாப்பானவை. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் மேற்படிப்பில் இடமும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். வீட்டுக்குச் சுமை குறையும்.

தமிழக அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. மாநிலப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது. மத்திய நிறுவனங்களில் அது செல்லாது, அங்கே ஓ.பி.சி. சான்றிதழ் தேவை. அறிவிப்பு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல், இரண்டையும் இப்போதே வாங்கி வையுங்கள்.