60 நிமிட இளவரசி!

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு வாள் சண்டை போடறார்... ஏதாவது மருந்து கொடுங்க!" என்று கணவரை அழைத்து வந்தார் அந்த அம்மா. அவருக்கு வயது 48. கல்லூரி நாட்களில் முடிக்காமல் விட்ட வீடியோ கேம்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முடிக்கிறாராம். இப்போது 1989-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். செத்தால் அந்தக் கட்டத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடணும்; போன நேரம் போனதுதான். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? (நானும் ஆடிப் பார்த்தேன். 3 நிமிடத்தில் முள்ளில் விழுந்தேன்!)

ஆசை தப்பில்லை. கண் எரிச்சலும், கட்டைவிரல் மரத்துப் போவதும்தான் கவலை. திரையை உற்றுப் பார்த்தால் கண் சிமிட்டுவது குறைந்து கண் வறளும். இரவில் கண் விழித்தால் பித்தம் ஏறும் என்கிறது சித்த மருத்துவம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்; அன்று பகல் தூக்கம் கூடாது. கண்ணுக்குள் மட்டும் கண்டதையும் ஊற்றாதீர்கள். விரல் மரத்துப் போவது நீடித்தால், தைலம் தடவிக் காத்திருக்காமல் நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

பத்து மணிக்கு மேல் ஆட்டம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். போன வாரம் வந்தார். விரல் தேவலையாம். "இளவரசி கிடைச்சாச்சு டாக்டர், அடுத்து மரியோ!" என்றார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.