கூச்சம் தீர ஒரு வழி

மேடையேறிப் பேசினால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று நம் நண்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தின் முறையைப் பாருங்கள். 1936-ல் நாக்பாடாவில் தொடங்கிய அந்நிலையம், சமூகப் பணி மாணவர்களுக்குக் களப்பணியையும் பாடமாகவே வைத்திருக்கிறது. குடிசைப் பகுதிக்கோ மருத்துவமனைக்கோ சென்று, கண்டதையும் கேட்டதையும், தாம் பேசியதையும்கூட எழுதி வர வேண்டும். பிறகு மேற்பார்வையாளர் தனியே உட்காரவைத்து, "இதை ஏன் கேட்டீர்? அதை ஏன் கேட்கவில்லை?" என்று விசாரிப்பார். பரீட்சையே தேவலை என்று தோன்றும்! ஆனால் தொழில் கைவருவது அங்கேதான்.

இதில் தமிழருக்கு ஒரு சௌகரியம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியில் வாழ்வோர் அநேகர். வீட்டுக் கஷ்டத்தைத் தாய்மொழியில்தான் மனம்விட்டுச் சொல்ல வரும். வகுப்பில் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் மூடியிருப்பவர், "எந்த ஊர்ப் பக்கம், பாட்டி?" என்று அங்கே தாராளமாகப் பேச்சைத் தொடங்கலாம். கேட்டதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுத எழுத, அந்தப் பாஷையும் வசப்படும்.

மற்றக் கல்லூரியினருக்கு 1969-ல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. வரிவரியாக விசாரிக்கும் ஆசிரியர் ஒருவரை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.