கோப்பையில் உலகம் – 17: பாகில் ஊறிய கறுப்பு முத்து

2020 ஏப்ரல் 21 மாலை. சிங்கப்பூரில் பபிள் டீ கடைகளின் வாசலில் திடீரென்று நீண்ட வரிசைகள் முளைத்தன. கொரோனா கட்டுப்பாடுகளை இறுக்கிய அரசு, பானங்கள் மட்டும் விற்கும் தனிக் கடைகள் அன்றிரவு 11.59-க்குள் மூடப்பட வேண்டும் என்று அன்றுதான் அறிவித்திருந்தது. அரிசிக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற ஊர், கடைசியாக ஒரு கோப்பை முத்துத் தேநீருக்காகவும் நின்றது. கடைகள் மூடியதும் அந்த ஆசை அடுக்களைக்குள் நுழைந்தது. மாவு பிசைந்து, உருட்டி, வேகவைத்து, பாகில் ஊறப் போடும் வேலையைக் குடும்பங்கள் கையில் எடுத்தன.

அது அந்தப் பானத்துக்கு நல்லதாகவே முடிந்தது. பபிள் டீயின் உயிர் தேயிலையிலும் இல்லை, பாலிலும் இல்லை. அடியில் கிடக்கும் முத்தில் இருக்கிறது. வெந்த முத்து மென்மையும் இழுவையுமாக இருப்பது சுமார் நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு நடுப்பகுதி இறுகிவிடும். நல்ல கடைகள் இதனால்தான் ஒரு நாளில் பலமுறை உலை வைக்கின்றன. வீட்டிலோ அடுப்பிலிருந்து இறக்கிய முத்து அரை மணியில் வாய்க்குப் போய்விடுகிறது. பண்டத்தின் மிகச் சிறந்த வேளை வீட்டுக்காரர்களுக்கே கிடைக்கிறது.

பானம் பிறந்த ஊர் தைவான், காலம் 1980-கள். யார் பெற்ற பிள்ளை என்பதில்தான் தகராறு. தைச்சுங் நகரில் 1983-ல் தேநீர்க் கடை திறந்த லியூ ஹான்-சியே, ஜப்பானில் காபியைக் குளிரவைத்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து தேநீரையும் அப்படி விற்றவர். அவருடைய ‘சுன் ஷுய் தாங்’ கடையில் வேலை செய்த லின் ஷியூ-ஹுய், ஒரு கூட்டத்தின்போது தான் கொண்டுவந்திருந்த மாவு உருண்டை இனிப்பை ஐஸ் தேநீரில் கொட்டிப் பார்த்தார், அதிலிருந்து பிறந்ததுதான் எல்லாம் என்பது அந்தக் கடை சொல்லும் வரலாறு. தைனான் நகரத்து ‘ஹான்லின்’ கடைக்காரர் டூ ட்சுங்-ஹே, 1986-ல் சந்தையில் பார்த்த வெள்ளை உருண்டைகளைத் தேநீரில் போட்டவர் தாமே என்கிறார். இரு கடைகளுக்கும் இடையிலான வழக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடந்து 2019-ல் முடிந்தது. எந்தக் கடையும் எவரும் தயாரிக்கக்கூடிய பானம் இது, முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையே இல்லை என்றது நீதிமன்றம். இருவருமே காப்புரிமை வாங்கியிருக்கவில்லை. வாங்கியிருந்தால் இன்று இத்தனை நாடுகளில், இத்தனை வீடுகளில் இந்த உருண்டை உருண்டிருக்காது.

கறுப்புச் சர்க்கரை சேர்ந்த வடிவம் இதன் இளைய கிளை. தைபேயில் தேசியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கோங்குவான் பகுதியில் ‘சென் சான் டிங்’ என்ற சிறு கடை, சர்க்கரைப் பாகில் ஊறிய சூடான முத்துகளைக் குளிர்ந்த பாலில் போட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கியது. தைச்சுங்கில் 2017-ல் தொடங்கிய ‘டைகர் சுகர்’ அதையே உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கோப்பையின் உட்சுவரில் பாகு வரிவரியாக இறங்கி, பின்னணியில் பால் வெளுத்து நிற்க, புலியின் உடம்பு தெரியும். குடிக்குமுன் 15 முறை குலுக்குங்கள் என்று அந்தக் கடை வாடிக்கையாளர்களிடம் சொல்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம்: இந்த இரண்டு கடைகளின் புகழ்பெற்ற கோப்பைகளிலும் தேயிலை கிடையாது. பாலும் பாகும் முத்தும்தான். டீ என்ற பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முத்தின் மூலப்பொருள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவி வடித்தெடுக்கும் ஸ்டார்ச்தான் அது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் இதே ஸ்டார்ச் ஜவ்வரிசியாகிறது. சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் ஜவ்வரிசியை வேகவைத்துப் போட்டால் பபிள் டீ ஆகாது. அது சிறியது, மெல்லுவதற்குள் வழுக்கி ஓடிவிடும். தைவான்காரர்கள் ‘கியூ’ என்று கொண்டாடும், பல்லுக்கு அடங்கி மறுபடி எழும் அந்தத் துள்ளல் அதில் வராது. கிழங்கை வீட்டிலேயே துருவிப் பிசைந்து பார்க்கும் யோசனையையும் விட்டுவிடலாம். பச்சை மரவள்ளியில் சயனைடை வெளியிடும் பொருள்கள் உண்டு. கழுவி வடித்த ஸ்டார்ச்தான் பாதுகாப்பு. கடையில் வாங்கும்போது ‘மரவள்ளி மாவு’ என்றால் சில இடங்களில் உலர்ந்த கிழங்கை அரைத்த மாவையும் கொடுத்துவிடுவார்கள். வேண்டியது விரலுக்கிடையில் தேய்த்தால் கிறீச்சிடும் வெள்ளை ஸ்டார்ச்.

மூன்று கோப்பைக்கு 100 கிராம் ஸ்டார்ச், 40 கிராம் நாட்டுச் சர்க்கரை, 60 மில்லி தண்ணீர். முத்துக்கான பட்டியல் அவ்வளவுதான். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: தண்ணீர் போதுமான அளவு கொதிக்கவில்லை.

குளிர்ந்த நீரில் இந்த ஸ்டார்ச்சைக் கரைத்துக் கையில் பிடித்தால் கெட்டியாக நிற்கும். பிடியைத் தளர்த்தினால் விரலிடுக்கில் ஒழுகும். வெதுவெதுப்பான நீரில் கலந்தாலும் அதே கதைதான். எத்தனை மாவு சேர்த்தாலும் உருண்டை பிடிக்க வராது. ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் ஸ்டார்ச் துணுக்குகள் நீரை உறிஞ்சிப் பருத்து, உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டும் பசையாகின்றன. கொழுக்கட்டை மாவுக்குக் கொதிநீர் விட்டுக் கிளறும் கை, இதைச் சொல்லாமலே அறியும். அதனால் சர்க்கரையும் தண்ணீரும் தளதளவென்று கொதிக்க வேண்டும். தீயைக் குறைத்து, ஸ்டார்ச்சில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் கொட்டி விறுவிறுவென்று கிளற வேண்டும். சில விநாடிகளில் அது பளபளக்கும் பசையாகிவிடும். அப்போதே இறக்கி, மீதி ஸ்டார்ச்சைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். முழு மாவையும் அடுப்பிலேயே வேகவைத்தால் உருட்ட முடியாத ரப்பர் ஆகும். கொஞ்சமும் வேகாவிட்டால் மாவு ஒன்றுசேரவே சேராது. ஒரு பங்கு வெந்து பசையாகி, இரண்டு பங்கு பச்சையாக அந்தப் பசையில் கட்டுண்டு கிடப்பதுதான் பதம்.

பிசைந்த மாவு வறண்டு விரிசல் விட்டால் ஒரு தேக்கரண்டி கொதிநீர். ஒட்டினால் ஒரு சிட்டிகை ஸ்டார்ச். பிறகு கயிறாகத் திரித்து, எட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டு போட்டு உருட்ட வேண்டும். வெந்தால் பருக்கும் என்பதால் சிறியதாகவே இருக்கட்டும். உருட்டாத பங்கை ஈரத்துணி போட்டு மூடிவைப்பது நல்லது. காற்றுப் பட்டால் தோல் கட்டும். உருட்டியதையெல்லாம் ஸ்டார்ச் தூவிய தட்டில் போட்டுக்கொண்டே வந்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. பொறுமையைக் கேட்கும் வேலைதான். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சுவாக்கில் முடிந்துவிடும்.

வேகவைக்கத் தண்ணீர் தாராளமாக வேண்டும். ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. நன்றாகக் கொதித்த பிறகே முத்துகளைப் போட்டு, அடி பிடிக்காமல் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மிதந்து மேலே வரும். வெந்துவிட்டது என்று பலர் இறக்குவது இந்தக் கட்டத்தில்தான். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது பச்சை மாவு. மிதமான தீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடிபோட்டு இன்னும் 20 நிமிடம் அப்படியே விட வேண்டும். வெளிப்புறம் கரையாமல் உட்புறம் வேக இந்த இரண்டாவது 20 நிமிடம் அவசியம். வடிகட்டி, மேலே படிந்த கொழகொழப்பு போகக் குளிர்நீரில் ஒரே ஒரு அலசல், உடனே பாகு.

பாகுக்கு 80 கிராம் சர்க்கரை, 40 மில்லி தண்ணீர். எந்தச் சர்க்கரை என்பதில் கறாராக இருக்க வேண்டும். தைவானில் பயன்படுவது கரும்புச் சாற்றைச் சுத்திகரிக்காமல் காய்ச்சி இறுக்கிய கறுப்புச் சர்க்கரை. சூப்பர் மார்க்கெட்டில் ‘பிரவுன் சுகர்’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் கழிவுப்பாகைத் திரும்பக் கலந்தது. நிறம் வரும், புகையும் கசப்பும் கலந்த அந்த ஆழம் முழுதாக வராது. கரும்பிலிருந்து வரும் நாட்டுச் சர்க்கரையோ, கருத்த மண்டை வெல்லமோ தைவான் சுவைக்கு மிக அருகில் நிற்கும். வெல்லம் என்றால் கரைத்து வடிகட்டிவிட்டுக் காய்ச்ச வேண்டும். முத்துகளையும் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம் விட்டால் பாகு சுண்டி, முத்து கறுத்து மினுங்கும். சர்க்கரைக்கு இங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது: ஸ்டார்ச் மறுபடி இறுகுவதை அது தாமதப்படுத்துகிறது. முத்தைப் பாகிலேயே ஊறவைப்பது இனிப்புக்காக மட்டுமல்ல.

பாகு அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் நீர்த்திருக்கும். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் சரசரவென்று அடியில் இறங்கிவிடும். சற்று ஆறி, கரண்டியிலிருந்து தடித்த நூலாக விழும்போது எடுத்து, முத்தோடு கோப்பையைச் சாய்த்துச் சுழற்றினால் சுவரில் வரிகள் நிற்கும். அதன்மேல் ஐஸ், பிறகு 200 மில்லி கொழுப்பு நீக்காத குளிர்ந்த பால். பால் குளிர்ந்தே இருக்கட்டும். வெல்லத்தில் லேசான அமிலம் உண்டு. சூடான பாலைச் சேர்த்தால் திரிந்துவிடக்கூடும். பாயசத்தை ஆறவைத்துப் பால் சேர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேநீர் வேண்டும் என்பவர்கள் திடமான தேயிலையைத் தேட வேண்டும். தைவானிலும் பால் கலக்கும் தேநீருக்கு அசாம் இனம்தான் துணை. சூரிய சந்திர ஏரிக்கரையில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1925-ல், அசாம் விதைகள் கொண்டுவரப்பட்டன. 10 கிராம் அசாம் தேயிலையை 250 மில்லி கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, முழுக்கக் குளிரவைத்து, பாலில் பாதியைக் குறைத்து ஊற்றலாம். தேயிலையின் துவர்ப்பு பாகின் திகட்டலை வெட்டும். இந்தத் தொடரை எழுதுகிறவருக்கு இந்த வடிவமே மேல் என்று படுகிறது.

இனிப்பின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். மாவில் 40 கிராம், பாகில் 80 கிராம். மூன்றாகப் பிரித்தால் கோப்பைக்கு 40 கிராம் சர்க்கரை. கொதிநீரில் கரைந்து போவது கொஞ்சம் போக, மீதி உடம்புக்குள்தான். நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் எல்லை சுமார் 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. தைவான் கடைகளில் முழு இனிப்பு, பாதி, கால் என்று கேட்டு வாங்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் முத்தே பாகில் ஊறிவிட்ட பிறகு அந்தக் கேள்விக்குப் பெரிதாக இடமில்லை. வீட்டில் இடமிருக்கிறது: முத்தை வடித்தெடுத்து, பாகில் இரண்டு கரண்டி மட்டும் சுவருக்குப் பூசி, மீதியை எடுத்துவைக்கலாம். கலப்பது என்ன என்று தெரிவதும் வீட்டின் லாபம். 2013-ல் தைவானில் உணவுக்கு அனுமதிக்கப்படாத மலெயிக் அமிலம் சேர்ந்த ஸ்டார்ச், முத்து உள்ளிட்ட பல பண்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டு, அவை கடைகளிலிருந்து அகற்றப்பட்டன.

சிறு குழந்தைகளுக்கு முழு முத்து வேண்டாம். அகன்ற ஸ்ட்ரா வழியாக வேகமாக வந்து தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. கரண்டியால் மசித்துக் கொடுக்கலாம்.

மிஞ்சிய வெந்த முத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் ஸ்டார்ச் மிக வேகமாக இறுகும். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் வேகவைத்தால் போதும். மீதியைப் பச்சையாகவே, ஸ்டார்ச் தூவி, ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் உறையவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தேவைப்படும் நாளில் பனி உருகக் காத்திருக்காமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும். உருகவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகும். வேகும் நேரம் இரண்டு மூன்று நிமிடம் கூடும்.

(தொடரும்)