பக்கவாட்டில் நின்று பாருங்கள்

டாலஸ் நகரத்துக் கலை அருங்காட்சியகத்தில் ஜாக்சன் பொல்லாக் 1947இல் வரைந்த ‘கதீட்ரல்’ ஓவியம் இருக்கிறது. அங்கே போகும்போது அதை நேராக மட்டும் பார்க்காதீர்கள். ஓரமாக நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கமிருந்து பாருங்கள். சொட்டவிட்ட வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மேடு தட்டியிருப்பது அப்போதுதான் தெரியும்.

நம்மவர் ஒருவருக்கும் இந்த மேடுபள்ளம் பிடித்திருந்தது. திருச்சி மாவட்டம் கீராம்பூரில் 1938இல் பிறந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பலர் அறிவார்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் அவர் கோடுதான் முகம் தந்தது. கறுப்பு வெள்ளையில் அப்படிப் பேர் வாங்கியவர், பிறகு வண்ணத்துக்கு வந்தபோது உருவங்களையே விட்டுவிட்டார். எனக்கு இது பெரிய துணிச்சலாகப் படுகிறது.

தடித்த எண்ணெய் வண்ணம், அடுக்கு மேல் அடுக்கு. மேல் அடுக்கின் இடுக்கில் கீழே இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். மலை என்றோ வயல் என்றோ அவர் எதையும் வரைந்து காட்டவில்லை. ஆனாலும் உழுத மண்ணும் ஈரமும் வெயிலும் அங்கே இருக்கின்றன. இத்தனை தடிமனான எண்ணெய் வண்ணம் உள்ளே வரை காய மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் ஆகும்.

ஆதிமூலம் 2008இல் காலமானார்.