குழாயும் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே பாயும். ஆகவே நம் வீட்டுக் குழாய்கள் எங்கெங்கு சுற்றினாலும் அவற்றுட் பெரும்பாலானவற்றின் வேர் கிணற்றிலேயே இருக்கின்றது.

துலாவால் இறைத்த காலத்தில் கைவலியே அளவுகோலாயிருந்தது. நீர்ப்பம்பி வந்தபின் அந்த அளவு போயிற்று. நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். ஆதலாற் சொட்டும் குழாயை அற்பமென்று விடலாகாது. இரவில் அதன்கீழ் வாளியொன்றை வைத்து விடியலிற் பாருங்கள்! பெரும்பாலும் தேய்ந்த வோசரை மாற்றினாற் போதும். நீர்வரும் வால்வை மூடிவிட்டு, வீட்டிலுள்ள மாணவரே இதனைச் செய்யலாம்.

பெரிய வேலைக்குக் குழாய் பொருத்துநரை அழைத்தால் கூலியையே முதலிற் கேட்கிறோம். மலக்குழி எங்கே வருகிறது என்பதையன்றோ கேட்கவேண்டும்! அடி திறந்த குழியின் கழிவு சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே கிணற்றை எளிதில் அடையும். தோட்ட உரமும் இதுவும் சேர்ந்தே நீரில் நைத்திரேற்றைப் பெருக்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது மிகுந்த நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். கொதிக்கவைத்தாற் கிருமி சாகும்; நைத்திரேற்று நீங்காது.

செலவு சற்றுக் கூடினும், அடியும் சுவரும் சீமெந்து பூசிய தாங்கியையே கட்டுவியுங்கள். தூரம் அளக்கும்போது வேலிக்கப்பாலுள்ள அயலவர் கிணற்றையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள்.